42-ஆம் எண் தாளும் 40-ஆம் எண் உடலும்: பழைய ‘பூர்டா மோடன்’ இதழிலிருந்து ஓர் உடை தைத்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஓர் உடை. கையில்லாதது, முழங்காலளவு நீளமுள்ளது, மார்புக்குக் கீழே சற்றே விரிந்து இறங்குவது. நிற்கும் காலர், பின்புறம் ஸிப், பக்கத் தையலிலிருந்து மார்பை நோக்கி ஒரு டார்ட் (உடலின் வளைவுக்கேற்பத் துணியை ஆப்பு வடிவில் மடித்துத் தைப்பது). அவ்வளவுதான் அதன் அமைப்பு. 1960களின் பிற்பகுதியைச் சேர்ந்த ஜெர்மன் மொழித் தையல் இதழான ‘பூர்டா மோடன்’ ஒன்றில் இதன் படமும், இதழோடு மடித்து வைக்கப்பட்டிருந்த பெரிய தாளில் இதன் வெட்டுமாதிரியும் இருந்தன. தென்மேற்கு ஜெர்மனியில் நான் வசிக்கும் ஊரின் பழம்பொருள் சந்தையில் வாங்கிய அந்த இதழைக் கொண்டு, வாங்கிய நாள் முதல் உடையை உடுத்திய நாள் வரை என்ன செய்தேன், எங்கே தவறினேன், தவறின் காரணத்தை எப்படிக் கண்டறிந்தேன் என்பதை வரிசையாகப் பதிவு செய்கிறேன். மொத்தம் 31 மணி நேரம் உழைத்தேன். அதில் 19 மணி நேரம் கம்பளித் துணியில் கத்தரி படுவதற்கு முன்பே செலவாயிற்று. பழைய இதழிலிருந்து தைப்பதில் உண்மையான வேலை தாளுக்கும் துணிக்கும் இடையில்தான் நடக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இந்த நிகழ்வை விரிவாக எழுதுவதற்கு அதுவே காரணம்.

தாள் எப்படிப்பட்டது

ஓஃபன்பூர்க் நகரில் 1909-இல் பிறந்த ஏன்னே பூர்டா, நலிந்து கிடந்த ஒரு சிறு பதிப்பகத்தை 1949-இல் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, 1950 ஜனவரியில் ‘பூர்டா மோடன்’ முதல் இதழை 1,00,000 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். 1952 முதல் இதழோடு வெட்டுமாதிரித் தாள் சேர்த்துத் தரப்பட்டது. போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த அந்நாட்டில், கடையில் ஆயத்த உடை வாங்க இயலாத பெண்கள், வீட்டிலிருந்த தையல் இயந்திரத்தில் தாங்களே தைத்துக்கொள்ள அந்தத் தாள் வழி செய்தது.

ஒரு பெரிய தாளின் இரு பக்கங்களிலும் பல உடைகளின் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் முறை அவர் கண்டுபிடித்ததன்று. பெர்லினிலிருந்து வெளிவந்த ‘டெர் பசார்’ இதழும், அதை முன்மாதிரியாகக் கொண்டு நியூயார்க்கில் 1867-இல் தொடங்கிய ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ இதழும் 19-ஆம் நூற்றாண்டிலேயே இம்முறையைக் கையாண்டன. காகிதச் செலவு குறைகிறது, இதழும் மெல்லியதாக இருக்கிறது. ஆனால் கோடுகளைப் பிரித்தறியும் சுமை முழுவதும் தைப்பவரின் கண்மேல் விழுகிறது.

தாளை முதன்முதலில் விரித்தபோது, பெரிய இரயில் நிலையத்தின் தண்டவாளங்களை மேலிருந்து பார்ப்பது போலிருந்தது. கருப்பிலும் சிவப்பிலும், தொடர்கோடு, நீள்வெட்டுக் கோடு, வெட்டும் புள்ளியும் மாறிவரும் கோடு என்று பல வகை ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சென்றன. தொழில்முறைத் தையற்கலைஞராக இருந்து ஓய்வு பெற்ற என் அண்டைவீட்டு மூதாட்டிதான் வழியைக் காட்டினார். இதழின் உட்பக்கத்தில் உடையின் துண்டுகள் சிறிய அளவில் வரையப்பட்டு எண் இடப்பட்டிருக்கும். அந்த எண்ணை முதலில் தாளின் விளிம்பில் தேட வேண்டும். விளிம்பில் எண் நிற்கும் இடத்திலிருந்து நேர்குத்தாக உள்ளே விரலை நகர்த்தினால், அதே எண் அதற்குரிய கோட்டின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். அவர் விரல் விளிம்பிலிருந்து கிளம்பி ஒரு சாண் தூரம் போய் முன்பக்கத் துண்டின் கோட்டில் நின்றபோது, அதுவரை வெறும் சிக்கலாகத் தெரிந்த தாள் எனக்கு ஓர் ஒழுங்காகத் தெரிந்தது.

சொற்கள் மிகக் குறைவு என்பதும் இந்தத் தாளின் சிறப்பு. ‘ஃபாடன்லாஃப்’ என்பது இழை நேரை, அதாவது துணியின் நீளவாக்கு இழை ஓடும் திசையைக் குறிக்கும் அம்புக்குறி. ‘ஷ்டோஃப்ப்ரூஹ்’ என்பது துணியை மடித்து வைக்க வேண்டிய ஓரம். இவ்விரண்டோடு, எந்தத் தையல் எந்தத் தையலோடு சேரும் என்பதைக் காட்டும் சிறு இணைப்பு எண்களையும் அறிந்துகொண்டால், மொழி தெரியாதவரும் பாதி தூரம் போய்விடலாம். 1987-இல் இவ்விதழின் ரஷ்யப் பதிப்பு சோவியத் ஒன்றியத்தில் வெளிவந்தது. இதழின் உயிர்நாடியான தாள் சொல்லை நம்பாமல் கோட்டையும் எண்ணையும் நம்பி நின்றதால், மொழி மாறியும் அதன் பயன் குறையவில்லை.

படியெடுத்தலும் முதல் தவறும்

ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகளான காகிதம் மடிப்புகளில் நொறுங்கத் தொடங்கியிருந்தது. அதை வெட்டுவது என்ற பேச்சே கிடையாது. ஒன்றை வெட்டினால் அதே இடத்தில் அச்சாகியிருக்கும் மற்ற உடைகள் அழிந்துவிடும். கோட்டைப் படியெடுக்க உதவும் பல் உள்ள சிறு சக்கரமான டிரேசிங் வீலை மேலே ஓட்டினால் காகிதம் பொத்துப்போகும் என்பதால் அதையும் ஒதுக்கினேன். ஆவியில்லாமல், மிகக் குறைந்த சூட்டில், மேலே ஒரு பருத்தித் துணியை விரித்துத் தேய்த்து மடிப்புகளைத் தளர்த்தினேன். அதன்மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பரப்பி, நான்கு ஓரமும் எடைவைத்து, முனை மழுங்கிய பேனாவால் கோட்டைப் படியெடுத்தேன். ஈர ஆவி பட்டால் காகிதம் விரியும், பிறகு சுருங்கும். அளவு மாறிய தாளை நம்பி வெட்டினால் தவறு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

நீளமான துண்டுகள் தாளில் அடங்கவில்லை. முன்பக்கத் துண்டின் நடுக்கோடும் பக்கக்கோடும் கீழே ஓர் அம்புக்குறியில் முடிந்து, அருகில் 38 என்ற எண் இருந்தது. அந்த இரு கோடுகளையும் அதே சாய்வில் மேலும் 38 செ.மீ. நீட்டி, கீழ்விளிம்பை நாமே வரைந்துகொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். பக்கக்கோடு சாய்ந்து இறங்குவதால் கீழ்விளிம்பை நேர்கோடாக வரையக் கூடாது. பக்கத் தையலைச் சந்திக்கும் இடத்தில் செங்கோணமாக நிற்குமாறு மெல்ல வளைத்து வரைந்தால்தான் முன்னும் பின்னும் சேர்ந்த பிறகு தையலடியில் கூர்முனை தொங்காது. இதைத் தாள் எங்கும் சொல்லவில்லை. தைப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

படியெடுத்து முடித்ததும், துணிக்குப் போகுமுன் சேரவேண்டிய எல்லாத் தையல்களையும் ஒன்றோடொன்று வைத்து அளந்தேன். தோளும் பக்கத் தையலும் பொருந்தின, கழுத்து பொருந்தவில்லை. காலரின் பாதி நீளம் 19.4 செ.மீ.; முன்கழுத்தும் பின்கழுத்தும் சேர்ந்த பாதி 20.7 செ.மீ. நிற்கும் காலர் சிறிதளவு கூட இழுபடக் கூடாது, 1.3 செ.மீ. வேறுபாடு என்பது முழுக் கழுத்தில் 2.6 செ.மீ. துணி எங்கேயும் போக இடமில்லாமல் சுருங்கி நிற்பது. முதலில் இதழின் அச்சுப் பிழை என்றே எண்ணினேன். பிறகு தாளை மறுபடி விரித்துப் பின்கழுத்து வளைவை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தொடர்ந்தேன். தோள் முனையிலிருந்து முதல் மூன்று செ.மீ. வரை என் கோடு உரிய நீள்வெட்டுக் கோட்டின்மேல் சரியாகச் சென்றது. அங்கே வெட்டும் புள்ளியும் மாறிவரும் வேறொரு கோடு மிகச் சிறிய கோணத்தில் வந்து குறுக்கிட்டது. இரண்டும் ஒரு விரல்நக அளவுக்கு ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்றாகவே ஓடிப் பிரிந்தன. பிரியும் இடத்தில் என் பேனா அந்தக் கோட்டோடு போய்விட்டிருந்தது. அது அதே தாளில் இருந்த ஒரு மேலங்கியின் பின்கழுத்து. உள்ளே உடை உடுத்தி அதன்மேல் அணிவது மேலங்கி என்பதால் அதன் கழுத்து இயல்பாகவே அகலமானது. மறுபடி படியெடுத்து அளந்தபோது 19.4 வந்தது.

இந்த ஒரு தவறுக்காகவே, படியெடுத்த பின் தையல்களை அளந்து ஒப்பிடும் அரைமணி நேரத்தை யாரும் தவிர்க்கக் கூடாது என்று சொல்வேன். காலரை வெட்டி, உள்ளே ஒட்டுக்கேன்வாஸ் (விறைப்புக்காக ஒட்டும் உள்துணி) வைத்து, கழுத்தோடு சேர்க்கும் நேரத்தில் இது தெரிந்திருந்தால் துணி முழுவதும் வீண்.

அளவு

இந்த உடை இதழில் 42 என்ற ஒரே அளவில் மட்டும் வரையப்பட்டிருந்தது. இன்று ஒரே தாளில் நான்கைந்து அளவுகள் அடுக்கடுக்காக வருவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். பழைய இதழ்களில் ஒரு வடிவத்துக்கு ஓர் அளவோ இரண்டு அளவுகளோதான் கிடைக்கும். ஜெர்மன் அளவு எண்ணுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. மார்ச்சுற்றைச் செ.மீ.-இல் பாதியாக்கி ஆறு கழித்தால் எண் வரும். என் மார்ச்சுற்று 92, பாதி 46, ஆறு போக 40. தாளின் 42 என்பது 96 செ.மீ. மார்ச்சுற்றுக்கு உரியது. ஆகவே சுற்றில் 4 செ.மீ. குறைக்க வேண்டும், அதாவது முன் பின் கால்பகுதி ஒவ்வொன்றிலும் 1 செ.மீ.

அந்த 1 செ.மீ.-ஐப் பக்கத் தையலிலேயே சீவிவிடுவதுதான் எளிது. பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் கைக்குழி (கை நுழையும் வளைவு) மட்டும் உள்வாங்கும்; தோள் 42-க்கு உரிய நீளத்திலேயே நின்று கைப்பக்கம் வெளியே துருத்தும். நான் ஒவ்வொரு துண்டையும் தோளின் நடுவிலிருந்து இழை நேருக்கு இணையாகக் கீழ்விளிம்பு வரை வெட்டி, 0.5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினேன், மீதி 0.5 செ.மீ.-ஐப் பக்கத் தையலில் எடுத்தேன். தோள் 12.8-லிருந்து 12.3 ஆயிற்று. கழுத்து மாறவில்லை, காலரையும் தொட வேண்டியிருக்கவில்லை.

உயரம் இதைவிடக் கடினமானது. இன்றைய பூர்டா அளவு அட்டவணை 168 செ.மீ. உயரமுள்ள பெண்ணை அடிப்படையாகக் கொண்டது. நான் 157. எவ்வளவு குறைப்பது என்பதை உயர வேறுபாட்டிலிருந்து ஊகிக்காமல், தாளில் உள்ள துண்டையே அளந்தேன். பின்கழுத்து எலும்பிலிருந்து இடைக்கோடு வரை 42.5 செ.மீ. இருந்தது, என் முதுகு நீளம் 39. இந்த 3.5 செ.மீ.-இல் 1 செ.மீ.-ஐக் கைக்குழியின் நடுமட்டத்திலும், 2.5 செ.மீ.-ஐக் கைக்குழிக்கும் இடைக்கும் நடுவிலும் மடித்துக் குறைத்தேன். பாவாடைப் பகுதியில் 4 செ.மீ. குறைக்க வேண்டியிருந்தது. கீழ்விளிம்பில் வெட்டினால் விரிவும் சேர்ந்து போய்விடும் என்பதால், அதையும் ஹிப் கோட்டுக்குக் கீழே மடித்தே எடுத்துப் பக்கக்கோட்டைச் சீராக்கினேன்.

இங்கே நம்மவர்க்குரிய ஓர் இடறலைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் நாம் கற்றுக்கொண்ட தையல் பெரும்பாலும் அளவு ரவிக்கையை வைத்து, துணியின்மேலேயே சாக்குக்கட்டியால் வரைந்து வெட்டுவது. மார்ச்சுற்றில் கால்பங்கு எடுத்து, அதோடு தளர்வுக்கும் தையலுக்கும் சேர்த்து இத்தனை அங்குலம் கூட்டு என்றுதான் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆகவே வரையும் கோடே வெட்டும் கோடு. இந்தப் பழைய ஜெர்மன் தாளில் உள்ளதோ தையல் ஓடும் கோடு. தையலுக்கான துணி அதில் சேர்க்கப்படவில்லை. உறையிலிட்டு விற்கப்படும் அமெரிக்க வெட்டுமாதிரிகளில் பொதுவாக 1.5 செ.மீ.-ஐ ஒட்டித் தையலுக்கான துணி சேர்ந்தே வருவதால், அவற்றிலிருந்து இதற்கு மாறுபவர்களும் இதே இடத்தில் தடுமாறுகிறார்கள். கோட்டின்மேலேயே வெட்டிவிட்டால் இரு பக்கத் தையல், பின்நடுத் தையல் ஆகிய மூன்றில் சுற்றளவு 9 செ.மீ. குறைந்துபோகும். தையல்களுக்கு 1.5 செ.மீ., கீழ்மடிப்புக்கு 4 செ.மீ. என்று பிளாஸ்டிக் தாளின் தலைப்பிலேயே சிவப்பு மையில் எழுதிவைத்துக்கொண்டேன்.

சோதனை உடை

காடாத் துணியில் முழு உடையையும் வெட்டி, இயந்திரத்தில் நீளத் தையலிட்டு, உடுத்திப் பார்த்தேன். தோளும் இடையும் நன்றாக அமைந்தன. மார்பில்தான் சிக்கல். டார்ட்டின் முனை மார்பின் உச்சியைக் காட்டாமல் அதற்கு மேலே 3 செ.மீ. தள்ளி நின்றது. மேலே ஒரு வெற்றுக் குமிழும், அதன் கீழே பக்கத் தையலை நோக்கி இழுபடும் சாய்ந்த சுருக்கங்களும் தெரிந்தன.

பழைய மாதிரிகளைத் தைப்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒரே விடையைச் சொல்வார்கள்: அக்காலத்து உள்ளாடை மார்பை உயர்த்திக் கூராக நிறுத்தியது, டார்ட்டும் அந்த உயரத்துக்கே வரையப்பட்டது. இது உண்மை. அந்த உடைகள் வெற்றுடலுக்கு வரையப்படவில்லை. உள்ளாடை வடிவமைத்த உடலுக்கே வரையப்பட்டன. ஆனால் என் நிகழ்வில் மூன்று செ.மீ. முழுவதையும் அதன் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. கைக்குழியின் நடுவில் 1 செ.மீ. மடித்தது நான். அந்த மடிப்பு தோளுக்கும் டார்ட்டுக்கும் உள்ள தூரத்தையும் 1 செ.மீ. குறைத்தது, டார்ட் அந்த அளவுக்கு மேலே ஏறியது என் கைவேலையால். மீதி இரண்டு செ.மீ.-தான் உள்ளாடைக்கும், ஐம்பதைத் தொட்ட என் உடலுக்கும் உரியது.

இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்ததால் பயன் இருந்தது. எல்லாம் உள்ளாடையின் வேலை என்று முடிவு செய்திருந்தால், இதே இதழிலிருந்து அடுத்து தைக்கும் எந்த உடையிலும் டார்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு 3 செ.மீ. இறக்கியிருப்பேன். உயரத்தைக் குறைக்கத் தேவையில்லாத தளர்ந்த மேலங்கியில் அது தவறாகப் போயிருக்கும்.

திருத்தம் எளிமையானது. டார்ட்டைச் சுற்றி ஒரு செவ்வகம் வரைந்து, அதை அப்படியே வெட்டி எடுத்து, இழை நேருக்கு இணையாக 3 செ.மீ. கீழே நகர்த்தி ஒட்டி, மேலே விழுந்த இடைவெளியைத் தாளால் நிரப்பினேன். டார்ட்டின் அகலமும் கோணமும் மாறாமல் இருக்க இதுவே பாதுகாப்பான வழி. முனையை மார்பின் உச்சிக்கு 2.5 செ.மீ. முன்பே நிறுத்தினேன், உச்சி வரை கொண்டுபோனால் துணி அங்கே கூம்பாக நிற்கும். இரண்டாம் முறை காடாத் துணியில் முன்பக்கத்தை மட்டும் வெட்டி இணைத்துப் பார்த்தபோது சுருக்கங்கள் மறைந்திருந்தன.

துணியும் தையலும்

இதழ் காட்டிய வெட்டு வரைபடம் 90 செ.மீ. அகலத் துணிக்கானது. நான் வாங்கியது 140 செ.மீ. அகலமுள்ள, கையில் கனமும் உடம்போடு ஒட்டாத விறைப்பும் கொண்ட கருநீலக் கம்பளி, 1.60 மீட்டர். வரைபடத்தை விட்டுவிட்டுத் துண்டுகளை நானே அடுக்கினேன். இத்தகைய வடிவத்துக்குத் துணி தன் உருவைத் தானே தாங்கி நிற்க வேண்டும். தழையும் துணியில் இதே வெட்டு தைத்தால் படத்தில் கண்ட நேரான கோடு கிடைக்காது.

கழுத்துக்கும் கைக்குழிக்கும் உரிய உட்பட்டிகளை (விளிம்பின் உட்புறம் வைத்துத் தைக்கும் துணிப்பட்டைகளை) தாளிலிருந்து படியெடுக்கவில்லை. திருத்திய முன் பின் துண்டுகளின் விளிம்பிலிருந்தே 5 செ.மீ. அகலத்தில் புதிதாக வரைந்தேன். திருத்தாத உட்பட்டியைத் திருத்திய கைக்குழியில் வைத்தால் இரண்டும் சேராது. காலருக்கும் உட்பட்டிக்கும் ஒட்டுக்கேன்வாஸ் வைத்தேன். பழைய இதழ்கள் அடிக்கடி குறிப்பிடும் ‘ஃப்ளீசலீனெ’ எனும் நெய்யா உள்துணி, ஃப்ராய்டன்பெர்க் நிறுவனம் வைன்ஹைமில் 1948-இல் அறிமுகப்படுத்தியது. இன்றும் அதே பெயரில் கிடைக்கிறது.

தைத்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கழுத்து விளிம்பு இழுபடாமல் இருக்க முதலில் அதன்மேல் ஒரு காப்புத் தையல், பின் டார்ட், தோள், ஸிப், பக்கத் தையல், காலர், உட்பட்டி என்ற வரிசையில் வேலை நடந்தது. ஒவ்வொரு தையலையும் ஈரத் துணி வைத்து அழுத்தித் தேய்த்து, மேலே ஒரு மரக்கட்டையை வைத்து ஆறவிட்டேன். கம்பளி சூட்டிலும் ஈரத்திலும் வளைந்துகொடுத்து ஆறும்போதுதான் அந்த உருவில் நிற்கிறது. சூடாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் தையல் மறுபடி புடைக்கும். கீழ்மடிப்பைக் கையால் ஹெம்மிங் செய்தேன்.

உடுத்திப் பார்த்தபோது பின் கைக்குழியில் ஏறக்குறைய அரை செ.மீ. துணி உடலைவிட்டு விலகி நின்றது. சோதனை உடையில் அது தெரியவில்லை. காடாத் துணி இலேசானது, கம்பளியும் உட்பட்டியும் சேர்ந்த கனம் அதற்கு இல்லை. உட்பட்டியைப் பிரித்துக் கைக்குழியின் விளிம்பில் ஒரு மெல்லிய நாடாவைச் சற்றே இழுத்து வைத்துத் தைத்ததில் பாதி அடங்கிற்று. மீதி அப்படியே இருக்கிறது. பின் துண்டின் பிளாஸ்டிக் தாளில் அந்த இடத்தைக் குறித்து, அடுத்த முறை தோளின் பின் விளிம்பில் அரை செ.மீ. அதிகம் விட்டு, முன் தோளோடு தைக்கும்போது அதைத் தளர்வாக உள்ளே அடக்க வேண்டும் என்று எழுதினேன். மார்ச்சுற்று, முதுகு நீளம், மடித்த இடங்கள், டார்ட் இறங்கிய அளவு எல்லாவற்றையும் அதே தாளில் தேதியோடு பதித்து, உறையிலிட்டு, மூலத் தாளோடு சேர்த்து இதழுக்குள் வைத்திருக்கிறேன். அதே தாளில் உள்ள மேலங்கியைப் படியெடுக்கும் வேலையை இந்த வாரம் தொடங்கினேன். இரு கோடுகளும் ஒன்றாக ஓடும் அந்த விரல்நக அளவு இடத்தின்மேல் இப்போது ஒரு சிறு பென்சில் குறி இருக்கிறது.